எந்தப் பக்கம், எந்த ஆண்டு? தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு, வணக்கம்.

புத்தகக் காட்சிக்காக அச்சகத்துக்கும் பைண்டிங் கூடத்துக்கும் நீங்கள் அலைந்துகொண்டிருக்கும் மார்கழியில் இதை எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும். படித்து முடித்த நூல்களை ஒரு நோட்டில் குறித்து வைப்பது என் வழக்கம். இந்த ஆண்டுக் கணக்கு 34. அவற்றில் நான்கைந்து, பேருந்திலேயே முடிந்து பேருந்திலேயே மறந்தும் போனவை. நேற்று அந்த நோட்டைப் புரட்டியபோது, ஓரங்களில் நான் கிறுக்கியிருந்தவற்றுள் ‘எந்தப் பக்கம்?’, ‘எந்த ஆண்டு?’ என்னும் இரண்டு கேள்விகளே திரும்பத் திரும்ப வந்திருந்தன.

ஆடி மாதம் முழுவதும் உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ படித்தேன். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942-இல் ஐயர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்று, 1950-இல் நூலான அந்தத் தன்வரலாறு இன்று பல பதிப்புகளில் கிடைக்கிறது. 1880-இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், என்னென்ன நூல் படித்திருக்கிறீர்கள் என்று கேட்க, ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்கிக்கொண்டே போக, முதலியார் சிறிதும் வியக்காமல் சீவக சிந்தாமணியைப் பற்றி விசாரிக்கும் இடம், என்னைப் போல ஆண்டுப் பட்டியல் எழுதுகிறவர்களுக்குக் கொஞ்சம் சுருக்கென்றே இருக்கும். அத்தியாயத் தலைப்பு கைகொடுத்ததால் அந்தச் சந்திப்பை மறுபடி எடுக்க முடிந்தது. ஆனால் முதலியார் பின்னர் எங்கெங்கே வருகிறார் என்று பார்க்க, 122 அத்தியாயங்களையும் ஒரு மாலை முழுக்கத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். என் கையிலிருந்த பதிப்பில் பெயர்ச் சுட்டி, அதாவது எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் பட்டியல், இல்லை. கணினி என்னும் சொல்லே பிறக்காத 1894-இல் அதே ஐயர் வெளியிட்ட புறநானூற்றில் பாடினோர் வரலாறும் பாடப்பட்டோர் வரலாறும் உண்டு என்பதை எண்ணும்போது வருத்தமாக இருக்கிறது.

இரண்டாம் கேள்வி புதுமைப்பித்தனால் வந்தது. நான் வாங்கிய மலிவுப் பதிப்பு ஒன்றில் ‘பொன்னகர’மும் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னது 1934, பின்னது 1943. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் அவர் கை எப்படி மாறியது என்பதை அறிய விரும்பும் வாசகருக்கு அந்நூலில் ஒரு துப்பும் கிடையாது. ஆ. இரா. வேங்கடாசலபதி 2000-இல் பதிப்பித்த தொகுப்போ கதைகளைக் காலவரிசையில் வைத்திருக்கிறது. எனவே இது தமிழில் நடவாத காரியம் அன்று.

சுட்டி சேர்த்தால் ஒரு ஃபாரம் கூடும், விலை ஏறும், வாசகர் வாங்கமாட்டார் என்று உங்களில் ஒருவர் என்னிடம் நேரிலேயே சொன்னார். 16 பக்கத் தாளுக்கும் அதைத் தொகுக்கும் உழைப்புக்கும் முப்பது ரூபாய் கூடுதலாகத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். எல்லா நூலுக்கும் கேட்கவில்லை. நாவலுக்குச் சுட்டி எதற்கு? தன்வரலாறு, வரலாறு, கட்டுரைத் தொகுப்பு ஆகியவற்றுக்குப் பெயர்ச் சுட்டியும், சிறுகதைத் தொகுப்புக்கு முதலில் வெளிவந்த இதழும் ஆண்டும் போதும்.

என் படியின் பின்னட்டை உட்புறத்தில், முதலியார் வரும் பக்கங்களைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த பதிப்புக்குப் பயன்படுமானால் படியெடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்