கூட்டுச் சிகிச்சை சரி, கல்லீரல் தாங்குமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லீரல் புற்றுநோய்க்கான கூட்டுச் சிகிச்சை பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இரண்டு மருந்து சேர்ந்தால் பலன் இரண்டு மடங்கு என்கிற தொனி அதில் இருந்தது. மருந்துக்கடையில் ரொம்ப காலம் வேலை பார்த்த எனக்கு அது உறுத்துகிறது.

பலன் இல்லை என்று நான் சொல்லவில்லை. 2007-இல் வந்த சொராஃபெனிப் மாத்திரைதான் பல வருஷம் ஒரே கதி. 2020-இல் அடிசோலிசுமாப், பெவாசிசுமாப் இரண்டையும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ட்ரிப்ஸில் ஏற்றும் முறைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முன்னது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும், பின்னது கட்டிக்குப் புது ரத்தக்குழாய் முளைப்பதைத் தடுக்கும். பாதிப் பேராவது உயிரோடு இருந்த காலம் மாத்திரையில் 13.4 மாதம், கூட்டு மருந்தில் 19.2 மாதம். பெரிய விஷயம்தான்.

ஆனால் அந்த ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள் என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. கல்லீரல் ஓரளவு நன்றாக வேலை செய்தவர்களை, அதாவது 'சைல்டு-ப்யூ ஏ' நிலையில் இருந்தவர்களை மட்டும்தான். நம்மிடம் வரும் பலருக்குப் புற்றுநோயோடு சிரோசிஸும், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போவதும், இருக்கும். மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர் என்று வருகிறவருக்கு அந்த 19 மாதக் கணக்கு பொருந்தாது. உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்திருந்தால் பெவாசிசுமாப் ரத்த வாந்தியில் கொண்டுபோய் விடலாம். அதனால்தான் முதலில் எண்டோஸ்கோபி பார்க்கிறார்கள். "எதுக்கு சார் தொண்டைக்குள்ள குழாய் விடுறாங்க?" என்று கேட்டு வரும் குடும்பங்களுக்கு இதை நீங்கள் ஒரு பத்தியில் எழுதியிருக்கலாம்.

இன்னொன்று. கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி அதை அடைக்கும் 'டேஸ்' முறையோடு சொராஃபெனிப் மாத்திரையைச் சேர்த்துப் பார்த்தார்கள், ஆயுள் கூடவில்லை. அதே டேஸோடு, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இன்னொரு மருந்தான டுர்வாலுமாப்பும் பெவாசிசுமாப்பும் சேர்த்தபோது, கட்டி வளராமல் நின்ற காலம் 8.2 மாதத்திலிருந்து 15 மாதமானது. நன்றாகக் கவனிக்க வேண்டும்: அது கட்டி வளராத காலம், ஆயுள் அல்ல. உங்கள் கட்டுரை இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது. நிலத்தை விற்றுவிட்டு நிற்கிறவருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

விலை பற்றி ஒரு வரிகூட இல்லை. இதே நோய்க்கான சொராஃபெனிப் 2012 வரை மாதம் சுமார் 2.8 லட்சம் ரூபாய். நம் காப்புரிமை அலுவலகம் ஓர் இந்திய நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமைக்காரர் சம்மதம் இல்லாமலே தயாரிக்கும் அனுமதி, கொடுத்த பிறகு 8,800 ரூபாய்க்கு வந்தது. இப்போதைய கூட்டில் பெவாசிசுமாப்பை இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன, அது கொஞ்சம் ஆறுதல். அதோடு சேர்க்கும், எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்துதான் ஆளை அடிக்கிறது. அடுத்த முறை இப்படி எழுதும்போது ஒரு தவணைக்கு என்ன செலவு, அரசுக் காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் விசாரித்துப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
திருச்சி