நோட்டீஸ் பலகையில் உன் பெயர்

அன்புள்ள கயல்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அப்பா பக்கத்தில் இருந்தார். உன் மடியில் குழந்தை வேறு அழுதுகொண்டிருந்தாள். "அமெரிக்கக் குடியுரிமைக்கு எழுதிப் போடட்டுமா அம்மா?" என்றாய். "யோசிக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மூன்று இரவு யோசித்தாயிற்று. எழுதிப் போடு, கண்ணு. காரணத்தைப் போனில் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் கடிதம்.

சார்பதிவாளர் அலுவலகத்திலேயே என் வயது கழிந்தது என்பது உனக்குத் தெரியும். சிறப்புத் திருமணச் சட்டப்படி வரும் நோட்டீஸ்களைப் பலகையில் ஒட்டுவதும் என் வேலைகளில் ஒன்று. 30 நாள் அது அங்கே இருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஆட்சேபம் சொல்லலாம். எத்தனையோ பேர் வீட்டுப் பிள்ளைகளின் பெயரை ஒட்டியிருக்கிறேன். 2022-இல் உன் பெயரை ஒட்ட வேண்டி வந்தது. வேறு யாரையும் தொட விடவில்லை. பசை தடவி, நான்கு முனையையும் விரலால் அழுத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். மதியத்துக்குள் மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்தேன். ஒரு வரியில் நீ, அடுத்த வரியில் மாப்பிள்ளை, தொழில் என்ற இடத்தில் அமெரிக்க ராணுவம். அவருக்கு வருடத்துக்கு 30 நாள்தான் விடுப்பு. அதிலிருந்து கிள்ளி எடுத்து நோட்டீஸ் கொடுக்க ஒரு முறையும் தாலி கட்ட ஒரு முறையும் கும்பகோணம் வரை வந்தார். அப்போதே என் மனத்தாங்கல் பாதி கரைந்துவிட்டது.

அதன்பிறகு நாம் சுமந்த காகிதங்களை நினைத்துப் பார். சென்னையிலேயே அமெரிக்கத் துணைத் தூதரகம் இருந்தும், குடியேற்ற விசா நேர்காணலுக்கு மும்பைக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். பழுப்பு நிற ரெக்சின் பையில் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், போலீஸ் சான்றிதழ், மாப்பிள்ளை கையெழுத்திட்ட பொருளாதார உறுதிப் பத்திரம். பணியில் இருக்கும் படைவீரர் மனைவியை அழைத்துக்கொள்ள, மற்றவர்கள் காட்ட வேண்டிய அளவு வருமானம் காட்டத் தேவையில்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டோம். வறுமைக்கோட்டுக்கு மேல் 25 சதவீதம் கூடுதலாக மற்றவர்களுக்கு வேண்டும். படைவீரருக்கு அந்தக் கோட்டளவே போதும். கல்யாண ஆல்பத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனோம். உங்கள் கல்யாணம் உண்மையானது என்று ஓர் அந்நியருக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது எனக்கு இன்றும் ஆறவில்லை.

கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகாததால் உனக்குக் கிடைத்தது நிபந்தனையோடு கூடிய கிரீன் கார்டு. இரண்டு வருடத்துக்குத்தான். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து விண்ணப்பித்து நிபந்தனையை நீக்கச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை பயிற்சிக்காகக் காட்டில் இருந்த வாரத்தில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ தனியாக வங்கிக் கணக்குகளையும் வாடகை ஒப்பந்தத்தையும் தேடி எடுத்து அடுக்கினாய். நீ அழுதது போனில் எனக்குக் கேட்டது. கேட்காதது போல இருந்துவிட்டேன்.

கிரீன் கார்டு வந்து இப்போது மூன்று வருடம் முடிந்துவிட்டது. அமெரிக்கரை மணந்து அவரோடு சேர்ந்து வாழ்பவர்கள் குடியுரிமைக்கு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டியதில்லை, மூன்றே போதும். இந்த நேரம் பார்த்து ஜெர்மனிக்கு மாற்றல் உத்தரவு. "அங்கே போய்விட்டால் என் கார்டு என்ன ஆகும்?" என்று பயந்தாயே, அதைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். சாதாரணமாகக் கிரீன் கார்டோடு ஒரு வருடத்துக்கு மேல் வெளியே தங்கினால் சிக்கல்தான். படைவீரரின் மனைவிக்குச் சட்டம் விலக்கு வைத்திருக்கிறது. அரசாங்க உத்தரவின்படி அவரோடு வெளிநாட்டில் வாழும் காலம் அமெரிக்க மண்ணிலேயே வாழ்ந்த காலமாகக் கணக்கில் சேரும். 2008-இல் வந்த திருத்தத்தின்படி, நேர்காணல், உறுதிமொழி எல்லாவற்றையும் அங்கிருந்தபடியே முடித்துக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் ஒன்றைக் கவனி. இதெல்லாம், உத்தரவில் நீ அவரோடு சென்று வசிக்க அனுமதி இருந்தால்தான். மாற்றல் உத்தரவில் உன் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார். எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று இரண்டாவது தடவை பார். மூன்று நகல் எடுத்து வெவ்வேறு இடத்தில் வை.

ராணுவத்தில் உனக்குத் தந்திருக்கும் அடையாள அட்டையில் உன்னை ஒரு சொல்லால் குறித்திருக்கிறார்கள். சார்ந்து வாழ்பவர். நேட்டோ நாடுகள் 1951-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில்கூட, ஜெர்மனிக்குப் போகும் உன்னைப் போன்றவர்களுக்கு அதே பெயர்தான். மருத்துவமனைக்குள் நுழைய அவர் பெயர், முகாமின் வாசலைத் தாண்ட அவர் பெயர், வீடு கிடைக்க அவருடைய பதவி. மாப்பிள்ளையைக் குறை சொல்லவில்லை; தங்கமான பிள்ளை. ஆனாலும் உன் இருப்பு முழுவதும் இன்னொருவர் பெயரில் வரும் உத்தரவிலிருந்து தொங்குவது எனக்குச் சம்மதமில்லை. குடியுரிமை வந்துவிட்டால் அது உன் பெயரில் இருக்கும். அவருக்குப் பணி மாறினாலும், ஓய்வு பெற்றாலும், உங்களுக்குள் மனவருத்தமே வந்தாலும் அதை யாரும் எடுக்க முடியாது. ராணுவத்தில் இருப்பவர் என்பதால் வாயால் சொல்லக்கூடாத இன்னொன்றும் என் நெஞ்சில் இருக்கிறது. பணியில் உயிர் விட்டவரின் மனைவிக்குக் காத்திருப்புக் காலமே இல்லாமல் குடியுரிமை கேட்க உரிமை தந்திருக்கிறார்கள். அதைப் படித்த அன்று புத்தியைச் செருப்பால் அடித்துக்கொண்டு, சாரங்கபாணி கோயிலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அப்படி ஒரு விதியின் கீழ் நீ எதையும் கேட்கும்படி நேரக் கூடாது. இப்போதே உன் பெயரில் வாங்கிக்கொள்.

இனி, உன் மனத்தை அறுக்கும் விஷயம். உறுதிமொழியில் பிற நாட்டு விசுவாசத்தை அறவே துறக்கிறேன் என்று வரும் வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை என்றாய். அந்த வரியைச் சொன்ன பிறகும் வேறு நாட்டுக் குடியுரிமையை வைத்துக்கொண்டிருப்பவர்களை அமெரிக்கா தடுப்பதில்லை. கதவைச் சாத்துவது நம் பக்கம்தான். 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு: தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை அந்தக் கணமே போய்விடும். உன் யாழ்ப்பாணத்துத் தோழி விண்ணப்பித்து இலங்கைக் குடியுரிமையையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடிகிறது. நீ போகப்போகும் ஜெர்மனியே 2024 ஜூனிலிருந்து இரட்டைக் குடியுரிமையை அனுமதித்துவிட்டது. நம் நாடும் ஒரு நாள் மனம் மாறும் என்று ஆசைப்படுகிறேன். அதற்காக நீ காத்திருக்க வேண்டாம்.

உறுதிமொழி எடுத்ததும் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து அதற்கான சான்றிதழை வாங்கு. ஒரு பயணத்துக்குக்கூட அதைப் பயன்படுத்தாதே, குற்றமாகிவிடும். பிறகு ஓசிஐ எனப்படும் வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டைக்கு எழுதிப் போடு. பெயரில் குடியுரிமை என்று இருந்தாலும் அது குடியுரிமை இல்லை. ஆயுள் முழுதும் விசா இல்லாமல் வந்து போகலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம், அவ்வளவுதான். எனக்கு அந்த அவ்வளவே பெரிது. அட்டை கைக்கு வரும்வரை நீ விசா எடுத்துத்தான் வர முடியும். அந்த இடைவெளியில் எங்களைப் பற்றிப் பயந்துகொண்டிராதே. குழந்தைக்கும் சேர்த்தே எழுது. போன தடவை பாட்டி வீட்டுக்கு வர அவளுக்கு விசா எடுத்தோமே, அது இனி வேண்டாம். மாப்பிள்ளைக்கு மட்டும் அந்த அட்டை கிடைக்காது. வெளிநாட்டு ராணுவத்தில் இருப்பவருக்கும், இருந்து ஓய்வு பெற்றவருக்கும் தருவதில்லை என்பது விதி. அவர் என்ட்ரி விசா எடுத்து வரட்டும். இதைப் பக்குவமாக அவரிடம் சொல். தன்னை ஒதுக்குகிறார்கள் என்று நினைத்துவிடப் போகிறார்.

நிலத்தைப் பற்றிச் சித்தப்பா உனக்குப் போன் செய்து பயமுறுத்தினாராமே, "குடியுரிமை போவதற்குள் உன் பெயருக்கு மாற்றிக்கொள்" என்று. அவருக்கு விவரம் தெரியாது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு விவசாய நிலத்தைத் தானமாக எழுதிக்கொடுக்க இப்போதே முடியாது, இந்தியப் பாஸ்போர்ட் இருந்தாலும்தான். விலைக்கு வாங்கவும் முடியாது. ஆனால் வாரிசாகப் பெறலாம். குடியுரிமை மாறிய பிறகும் பெறலாம். அதனால் அந்த ஆறு மா நிலத்துக்கும் உயில் எழுதிப் போன மாதமே பதிவு செய்துவிட்டேன். பின்னால் விற்க நினைத்தால் இங்கே வசிப்பவருக்குத்தான் விற்க முடியும். அதையும் நினைவில் வை.

அப்பாவுக்கு நிலம் பெரிதில்லை, ஓட்டுதான். 2016 மே 16-ஆம் தேதி நீ முதன்முதலாக ஓட்டுப் போட்டாய். நான் வேறு ஊரில் வாக்குச்சாவடிப் பணியில் இருந்தேன். அவர்தான் உன்னை அழைத்துப் போனார். அந்த மை விரலை நீட்டிக்கொண்டு வாசலில் நீ நிற்கும் படம் இன்னும் அவர் பீரோ கதவின் உட்பக்கம் இருக்கிறது. "அவள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களே" என்றார். ஆமாம், எடுக்கத்தான் வேண்டும். அந்தப் படிவத்தை நானே வாங்கி வந்து வைத்திருக்கிறேன். அவரைச் சமாதானப்படுத்த நான் எதுவும் சொல்லவில்லை. அந்த வருத்தம் நியாயமானது, எனக்கும் இருக்கிறது.

கடைசியாக, உன் பெயர். பாஸ்போர்ட் எடுத்தபோது இனிஷியல் ஏற்க மாட்டார்கள் என்று தெரிந்து, நான்தான் அப்பா பெயரை விட்டுவிட்டு உன் ஒற்றைப் பெயரை மட்டும் எழுதினேன். விசாவில் அது குடும்பப் பெயராகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "முதற்பெயர் தெரியவில்லை" என்பதற்கான FNU என்ற மூன்று எழுத்து வந்து உட்கார்ந்தது. பிரசவ அறையில் செவிலி உன்னை "ஃப்னூ" என்று கூப்பிட்டாள் என நீ சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரார் பெயரையெல்லாம் பிழையில்லாமல் பதிவு செய்த கை, பெற்ற பிள்ளைக்கு இப்படிச் செய்துவிட்டது.

குடியுரிமை விண்ணப்பத்திலேயே பெயர் மாற்றம் கேட்க ஓர் இடம் இருக்கிறது. நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுக்கும்படி அமைந்தால் அங்கேயே மாற்றிவிடுவார்கள். அதனால் ஜெர்மனிக்குப் புறப்படுவதற்கு முன்பு அமெரிக்காவிலேயே முடியுமா என்று விசாரி. படைவீரர் தமக்காக விண்ணப்பித்தால் கட்டணமில்லை; மனைவி கட்டியாக வேண்டும், எழுநூறு டாலருக்கு மேல். அந்தப் பணம் என் ஓய்வூதியத்திலிருந்து. மறுக்காதே.

பின்பாதிக்கு எந்தப் பெயரை வைப்பது என்பது உன் விருப்பம். மாப்பிள்ளையின் பெயரை வைத்துக்கொண்டாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான். நேற்று இரவு இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. காலையில் கடிதத்தின்மேல் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. தன் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், ஒவ்வொன்றையும் தனித்தனிக் கட்டம் போட்டு எழுதியிருக்கிறார். இதோடு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா