சுவாவுக்குப் போகும் பிள்ளை

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை முடிந்து இப்போதுதான் வாசிக்க அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அதனால் இரண்டு நாளாகப் பிரித்துப் பிரித்துப் படித்தேன். அருணுக்கு ஃபிஜியில், சுவாவில் பேராசிரியர் வேலையா? ரொம்ப சந்தோஷம். ‘பன்னிரண்டு தீவு நாடுகள் சேர்ந்து ஒரே பல்கலைக்கழகமாம், அவ்வளவு வறுமையா?’ என்று கேட்டிருக்கிறாய். வரலாற்று வாத்தியாரிடம் இதைக் கேட்டுவிட்டுச் சுருக்கமான பதிலை எதிர்பார்க்காதே.

வறுமை மட்டும் காரணமில்லை. அந்தத் தீவுக்காரர்கள் படகிலேயே பெருங்கடலைக் கடந்து உறவாடியவர்கள். ஐரோப்பியர்களின் ஆட்சிக் கொடிகள் வந்த பிறகு சமோவாக்காரருக்கு வெலிங்டன், ஃபிஜிக்காரருக்கு லண்டன், தஹித்திக்காரருக்குப் பாரிஸ் என்றாயிற்று. பக்கத்துத் தீவு அந்நியமாகிவிட்டது.

1947 பிப்ரவரியில் பிரிட்டன், பிரான்ஸ், நெதர்லாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஆறும் கான்பெராவில் கூடித் தென் பசிபிக் ஆணையத்தை உருவாக்கின. கையெழுத்திட்டவர்களில் தீவு நாடு ஒன்றுகூட இல்லை. சுகாதாரம், விவசாயம், சமூக முன்னேற்றம் பற்றிப் பேசலாம், அரசியல் கூடாது. யாருடைய அரசியல் என்று கேட்க அங்கே ஆளில்லை! தலைமையகத்தை பிரான்ஸின் கீழிருந்த நியூ கலிடோனியாத் தீவின் நூமியாவில், போர்க்காலத்தில் அமெரிக்கப் படை இருந்த கட்டடத்தில் வைத்தார்கள். அருணின் பல்கலைக்கழகமும் நியூசிலாந்து விமானப்படையின் பழைய கடல்விமானத் தளத்தில் 1968இல் தொடங்கியதுதான்.

1950இல் சுவாவுக்கு அருகே நசினுவில் தீவுப் பிரதிநிதிகளின் முதல் மாநாடு நடந்தது. ஆலோசனை சொல்லலாம், முடிவெடுக்க முடியாது. ஆனாலும் வெவ்வேறு கொடிகளின் கீழிருந்தவர்களை ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்தால் அவர்கள் ஆலோசனையோடு நிற்பார்களா? 1965இல் பப்புவா நியூ கினியின் லே நகரத்து மாநாட்டில் ஃபிஜியின் தலைவர் கமிசேசே மாரா எழுந்து, எங்களுக்கும் முடிவெடுக்கும் உரிமை வேண்டும் என்று சண்டையே போட்டார். அதே காலத்தில் ஃபிஜி, டோங்கா, மேற்கு சமோவா மூன்றும் நியூசிலாந்துக்கு விற்கும் வாழைப்பழத்துக்கு நல்ல விலை கேட்கத் தனிச் சங்கம் வைத்தன. இந்தக் கூட்டுறவுக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இந்த வாழைப்பழம்தான். (போன வருடம் எங்கள் வாழைத் தோட்டத்தைச் சீரழித்த சிகடோகா இலைப்புள்ளி நோய்க்கு ஃபிஜியின் ஒரு பள்ளத்தாக்கின் பெயர் என்பதை உன் அண்ணனிடம் சொல்.)

1966இல் பிரான்ஸ் தன் ஆட்சியிலிருந்த பசிபிக் தீவான முருரோவாவில் அணுகுண்டு வெடிக்கத் தொடங்கியது. ஆணையத்தில் அதைப் பற்றி வாய் திறந்தால் ‘அரசியல்’. மக்களின் உடல்நலத்தைப் பேச வந்த சபை, அவர்கள் தலைமேல் விழும் கதிரியக்கத் தூசியைப் பேசக்கூடாதாம். பொறுத்துப் பார்த்துவிட்டு 1971 ஆகஸ்டில் ஃபிஜி, டோங்கா, மேற்கு சமோவா, நவ்ரு, குக் தீவுகள் ஐந்தும் வெலிங்டனில் தங்களுக்கென்று ஒரு மன்றத்தைத் தொடங்கின. ஆஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் சேர்த்துக்கொண்டன, பிரான்ஸை அழைக்கவில்லை. அந்த மன்றம்தான் 1985இல், ஹிரோஷிமா நாளன்று, குக் தீவுகளின் ரரோடோங்காவில் அணு ஆயுதமற்ற மண்டல ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. பிரான்ஸின் கடைசி வெடி அதற்குப் பிறகும் பத்து வருடம் கழித்து, 1996 ஜனவரியில்.

வல்லரசுகள் கற்றுக்கொடுத்த ஒத்துழைப்பு என்று பாடநூல்கள் எழுதுவதை நான் ஏற்பதில்லை. அவர்கள் ஒரு மேசை போட்டார்கள், அவ்வளவுதான். பழைய ஆணையத்தைத் தீவுக்காரர்கள் உடைத்துவிடவில்லை என்பதில்தான் அவர்களுடைய சாமர்த்தியம் இருக்கிறது. 1983இல் வட மரியானா தீவுகளின் சைபனில் நடந்த மாநாட்டில் எல்லாத் தீவுகளுக்கும் சம உறுப்புரிமை வாங்கினார்கள். இன்றும் அது நூமியாவில் நடக்கிறது, வேறு பெயரில்.

அருண் தனியாக இருப்பான் என்று கவலைப்படாதே. 1903இலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குச் சென்னையிலிருந்து கப்பலேறிய நம் ஆட்களின் வாரிசுகள் அங்கே நிறைய. நாந்தியில் சுப்ரமணியர் கோயில் இருக்கிறது, ஆனால் சுவாவிலிருந்து தீவின் மறுகோடி. பயணத்துக்கு முன் இங்கே ஒரு நடை வரச்சொல். பருப்புப்பொடி இடித்துத் தருகிறேன். அதைச் சுங்கத்தில் விடுவார்களா என்று அவனையே விசாரிக்கச் சொல்.

அன்புடன்,
மீனாட்சி