பெரிய திரை மடிக்கணினி: மாற்ற முடியாததை முதலில் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரி திறக்கும் நேரம். பாளையங்கோட்டைக் கடைகளில் 17.3 அங்குல மடிக்கணினி கேட்டு வருபவர்கள் ரேம் (தற்காலிக நினைவகம்) எத்தனை ஜிபி என்றே முதலில் விசாரிக்கிறார்கள். ரேம், எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பகுதி) இரண்டையும் பெரும்பாலும் பிறகு கூட்டிக்கொள்ளலாம். பிராசஸர் மதர்போர்டோடு பற்றவைத்தது, திரையை மாற்றினால் செலவு தாங்காது. பணத்தை இவ்விரண்டில் போடுங்கள். 1920×1080 புள்ளிகள் கொண்ட ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத வகை) திரைக்குக் குறைந்து வாங்கவே வேண்டாம்.

காலி ரேம் ஸ்லாட் (செருகும் இடம்) உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். ரேமும் பற்றவைத்ததென்றால் தொடக்கத்திலேயே 16 ஜிபி எடுங்கள். ஸ்லாட் இருந்தால் 8 ஜிபியோடு இன்னொரு 8 போதும். இரண்டும் சேர்ந்து இரட்டைச் சேனலில் (ஒரே நேரத்தில் இரு பாதைகளில்) ஓடும், தனி கிராபிக்ஸ் சிப் இல்லாத கணினியில் வேகம் நன்றாகவே தெரியும். முந்தைய தலைமுறை டிடிஆர்4 ரேம் ஸ்லாட்டில் அடுத்த தலைமுறை டிடிஆர்5 ரேம் நுழையாது, வெட்டு இருக்கும் இடம் வேறு. எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட்டுகளில் சில, சாட்டா வகையை மட்டுமே ஏற்கும். அதில் வேகம் கூடிய என்விஎம்இ வகையைப் போட்டால் கணினிக்கு அது தெரியவே தெரியாது. மூடியைத் திறந்தால் வாரண்டி போகுமா என்பதைக் கடைக்காரரிடம் எழுதி வாங்குங்கள்.

– மடிக்கணினி பழுதுபார்ப்போர், பாளையங்கோட்டை