கிரயம் ஆகாத வீடு

அம்மாடி,

போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். வாங்கப் பேசி வைத்திருந்த வீடு கைநழுவிப் போனதைப் பற்றி நேற்று ராத்திரி அம்மாவிடம் "வீடுதானேம்மா, போனால் போகுது" என்றாயாம், அடுத்த நிமிஷமே தேம்பிவிட்டாயாம். அவளும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள். அதனால்தான் எழுதுகிறேன். 34 வருஷம் அம்பாசமுத்திரம் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து ஊரார் பத்திரம் எழுதினவன், பெற்ற மகளுக்கு ஒரு கடிதம் எழுதினதில்லை. பேச்சில் வராதது எழுத்தில் வரும் என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். தை பிறக்கட்டும் என்று சொன்னது நான். மாப்பிள்ளை மார்கழியிலேயே ஒப்பந்தம் போட்டுவிடலாம் மாமா என்று இரண்டு தடவை கேட்டார். மார்கழியில் எந்த நல்ல காரியமும் தொடங்க வேண்டாம், தை 8 நல்ல நாள், அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம், ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, வீட்டுக்காரப் பெரியவர் வாக்குக் கொடுத்திருக்கிறார், எங்கே போய்விடப் போகிறது என்று சொன்னேன். கிரயத்துக்குத்தான் நாள் பார்ப்பார்கள், ஒப்பந்தத்துக்கு யாரும் பார்ப்பதில்லை. எத்தனை பேருக்கு மார்கழியில் கிரய ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருக்கிறேன் நான்! 2012 டிசம்பரில் இருந்து நம் மாநிலத்தில் கிரய ஒப்பந்தத்தையும் பதிந்தாக வேண்டும் என்று சட்டமே வந்த பிறகு, வருகிறவர்களிடமெல்லாம் "வாய்ப்பேச்சை நம்பாதீங்க, 20 ரூபாய்த் தாளில் கையெழுத்து வாங்கி வச்சுக்கிட்டா போதும்னு நினைக்காதீங்க, பதிஞ்சுருங்க" என்று தொண்டை வறள வறளச் சொன்னவன், சொந்த மகள் விஷயத்தில் கோட்டை விட்டுவிட்டேன். யாரோ 4 லட்சம் கூடப் போட்டு, கடன் இல்லாமல் முழுப் பணத்தோடு வந்தான், பெரியவரும் அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைகள் சொன்னார்கள் என்று மனசு மாறிவிட்டார். அவர் செய்தது சரியென்று நான் சொல்ல மாட்டேன், கொடுத்த வாக்கு வாக்குத்தான். ஆனால் அதற்கு வழி விட்டது என்னுடைய அந்த மூன்று வாரம். நீ மாப்பிள்ளையிடம் ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். அந்தக் கோபத்தில் அவர் பங்கு ஒன்றுமே இல்லை அம்மா. அதை இங்கே அனுப்பு, நான் வாங்கிக்கொள்கிறேன்.

அந்த வீட்டு வீடியோவை நேற்றும் போட்டுப் பார்த்தேன். சிவப்பு சிமெண்ட் தரை, பின்கட்டில் துவைக்கிற கல், கிணற்றை ஒட்டி வேம்பு. அரை கிரவுண்டு, நம் ஊர்க் கணக்குக்கு இரண்டே முக்கால் சென்ட், அதற்குள் எவ்வளவு சாமர்த்தியமாகக் கட்டியிருக்கிறார்கள் அந்தக் காலத்தில். வீடியோவில் நீ சமையலறை ஜன்னலுக்குக் கீழே போய் நின்று சாண் போட்டு அளக்கிறாய். "கிரைண்டர் இங்க வச்சா வெளிச்சம் நேரா விழும்பா" என்று சொல்கிறாய். உன் கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கிற விதத்தைப் பார்த்தேன், விலை பேச வந்தவர்கள் அப்படிப் பிடிக்க மாட்டார்கள், குடியிருக்கிறவர்கள்தான் அப்படிப் பிடிப்பார்கள்.

பத்திரத்தில் நாங்கள் எழுதுகிற ஒரு வரி உண்டு. நான்கெல்லை சொல்லி, கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்று அளவு சொல்லி, பணம் பெற்றுக்கொண்டதைச் சொல்லி, கடைசியில் "சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்து வர வேண்டியது" என்று முடிப்போம். பத்திரம் வேறு, அனுபவம் வேறு. பத்திரம் கையில் இருந்தும் அனுபவம் இல்லாதவர்கள் உண்டு, பத்திரமே இல்லாமல் தலைமுறையாக அனுபவத்தில் இருக்கிறவர்களும் உண்டு. நீ இந்த ஒன்றரை மாதமாக அந்த வீட்டை அனுபவித்துவிட்டாய். காலையில் பால் வாங்க எந்தப் படியில் நிற்பாய், குட்டி எங்கே உட்கார்ந்து படிப்பாள், நாங்கள் வந்தால் எந்த அறை, மாப்பிள்ளை வண்டியை எங்கே நிறுத்துவார் எல்லாம் உனக்குத் தெரியும். கிரயம் ஆகவில்லையே தவிர நீ அங்கே குடியிருந்தாய். அதனால்தான் அக்கம்பக்கத்தார் "வேற வீடு கிடைக்காமலா போகும்" என்று சொல்லும்போது உனக்கு எரிச்சல் வருகிறது. வரத்தான் செய்யும். நீ காலி செய்துவிட்டு வந்திருக்கிறாய், அவர்களுக்கு அது தெரியாது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதை நாங்கள் உன்னிடம் சொன்னதே இல்லை. நம் வீட்டுப் பரணில் அரிசிச் சாக்கில் சுற்றி ஒரு இரும்புச் சங்கிலி கிடக்கிறதே, சின்னப் பிள்ளையில் "இது மாட்டுச் சங்கிலியாப்பா" என்று கேட்பாயே, அது ஊஞ்சல் சங்கிலி. 1989-ல் வாங்கினது. நீ அப்போது அம்மா வயிற்றில் ஆறு மாதம். வாய்க்கால் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு 48,000 ரூபாய்க்குப் பேசி முடித்திருந்தோம். நடு உத்திரத்தில் ஊஞ்சல் கொக்கி இரண்டு இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு வந்த மறுநாளே திருநெல்வேலிக்குப் போய்ச் சங்கிலி வாங்கி வந்தாள். சங்கத்துக் கடன் வர இரண்டு மாதம் இழுத்தது. வீட்டுக்காரர் பொறுத்துப் பார்த்தார், அப்புறம் மகள் கல்யாணம் நெருங்குகிறது என்று வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். அதோடு விடவில்லை. பத்திரம் எழுத என்னிடமே வந்தார். ஊரிலே அவருக்குத் தெரிந்த எழுத்தர் நான்தான், சங்கடப்பட்டுக்கொண்டே நின்றார், முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்போதெல்லாம் கையால்தான் எழுத வேண்டும். முத்திரைத்தாளை விரித்து வைத்து எழுதி வாங்குபவர் என்று போட்டு, என் பெயர் வர வேண்டிய இடத்தில் இன்னொருத்தர் பெயரை எழுதினேன். நான்கெல்லை எழுதும்போது அவர்கள் யாரும் சொல்லவே தேவையிருக்கவில்லை, கிழக்கே வாய்க்கால், மேற்கே தெரு, எல்லாம் எனக்கு மனப்பாடம். மூன்று நாள் கழித்துத்தான் அம்மாவிடம் சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. அன்றைக்கு ராத்திரி சங்கிலியைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டாள்.

அதைவிட நல்ல வீடு அப்புறம் கிடைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். கிடைக்கவில்லை. 9 வருஷம் வாடகைக்கு இருந்து, 1998-ல் இப்போது இருக்கிற வீட்டைக் கட்டினோம். கிணறு இல்லை, திண்ணை இல்லை, கான்கிரீட் கூரையில் கொக்கி போடுகிற யோசனை அன்றைக்கு இருவருக்குமே வரவில்லை. அம்மா இன்றைக்கும் காசிநாதர் கோயிலுக்குப் போகும்போது அந்தத் தெரு வழியாகத்தான் போவாள், அந்த வீட்டுக்கு நேராக வரும்போது நடை கொஞ்சம் மெதுவாகும். நான் கவனிக்காத மாதிரி கூடவே நடப்பேன். ஆனால் நீ பிறந்தது, தவழ்ந்தது, பெரியவள் ஆனது, மாப்பிள்ளை உன்னைப் பார்க்க வந்தது எல்லாம் அந்த வாடகை வீட்டிலும் இந்த வீட்டிலும்தான். அம்மாவிடம் கேட்டால் இந்த வீட்டை விட்டு ஒரு நாள் உன் வீட்டில் தங்குவதற்கே யோசிப்பாள். இரண்டுமே அவளிடம் இருக்கின்றன. நீ அதை மறந்தால்தான் ஆயிற்று என்று உன்னையே நெருக்கிக்கொள்ளாதே.

சரி, இப்போது காரியத்துக்கு வருகிறேன், மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

வழக்குப் போடலாமா என்று அவர் கேட்டிருந்தார். பணம் அனுப்பினதற்கு வங்கிக் கணக்கில் சாட்சி இருக்கிறது, பெரியவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் இருக்கின்றன, வழக்கே நிற்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரச் சொல்லிக் கேட்க 3 வருஷம் வரை கெடு உண்டு. ஆனால் வாய்மொழி ஒப்பந்தத்தை நிரூபிக்கிற பாரம் முழுக்க நம் தலையில் விழும். இதற்குள் வாங்கினவர் உங்களுடைய பேச்சுவார்த்தை எதுவும் தெரியாமல் முழு விலை கொடுத்துப் பதிந்திருந்தால் சட்டம் அவர் பக்கம் நிற்கும். வழக்குப் போட்டு, அப்பீலுக்குப் போய், தலைமுடி நரைத்து வந்தவர்களுக்கு நானே பத்திர நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பெரியவர் ஒரு லட்சத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார். விட்டுவிடுங்கள். உங்கள் சம்பாத்தியமும் சாயங்காலங்களும் அந்த வீட்டுக்குப் போக வேண்டாம்.

அடுத்தது நகை. முதலில் அதை மீட்டு விடு. நீ அந்த வீட்டுக்காகப் பணம் திரட்டினது எனக்குத் தெரியும். வீட்டு விலை 92 லட்சத்தில் வங்கி 80 சதவீதம் கொடுத்தாலும் 73.6 லட்சம், மீதி 18.4 லட்சம் கையில் இருந்து. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், அது 8.28 லட்சம், வங்கி அதற்குக் கடன் தராது. ஆக 26 லட்சத்து 68 ஆயிரம் ரொக்கமாக வேண்டும். அதற்காக வளையலையும் ஆரத்தையும் அடகில் வைத்து, வைப்பு நிதியை முறித்து, மாப்பிள்ளை அவர் தம்பியிடம் கைமாற்று வாங்கி, இரண்டு பேரும் எவ்வளவு ஓடியிருக்கிறீர்கள். அடுத்த வீடு சீக்கிரம் வந்துவிடும் என்று நகையை அப்படியே விட்டு வைத்தால் வட்டி ஏறும். அதோடு, அந்த அடகுச் சீட்டு அலமாரியில் இருக்கிறவரை உனக்கு அவசரம் போகாது. அந்த அவசரத்துக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

ஏனென்றால் போன வாரம் நீ செய்ததைப் பார்த்தேனே. பெரியவர் கையை விரித்த நாலாம் நாள் தரகர் ஒரு அடுக்குமாடி வீட்டைக் காட்டினார், "இன்னொரு பார்ட்டி சாயங்காலம் அட்வான்ஸ் போட வர்றாங்க மேடம்" என்றார், நீ அன்றைக்கே 2 லட்சம் அனுப்பக் கிளம்பிவிட்டாய். நல்லவேளை, பத்திர எண்ணை எனக்கு அனுப்பினாய். சொத்தின் மேல் கடன், அடமானம் ஏதும் இருக்கிறதா என்று வில்லங்கம் போட்டுப் பார்த்தால், 2016-ல் கடனுக்காக அசல் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததாகப் பதிவு இருக்கிறது, கடன் தீர்ந்ததற்கு ரசீது பதியவே இல்லை. ஒருவேளை கடன் தீர்ந்தே இருக்கலாம், ரசீது பதியாமல் சோம்பலில் விட்டிருக்கலாம். இருந்தாலும் கேட்காமல் எப்படிப் பணம் போடுவது? அந்த வீடு உனக்குப் பிடித்திருந்ததா என்று நான் கேட்டேன், நீ பதில் சொல்லவில்லை. ஒரு வீட்டை இழந்த சூட்டில் இன்னொரு வீட்டை வாங்கினால் வாழ்நாள் முழுக்க முதல் வீட்டோடு அதை ஒப்பிட்டுக்கொண்டே இருப்பாய், பாவம் அந்த வீடு என்ன செய்யும்.

சித்திரை வரைக்கும் எதையும் பார்க்காதே என்று சொல்ல நினைத்தேன். ஆனால் காத்திருக்கச் சொன்ன வாயாலேயே மறுபடியும் காத்திருக்கச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். பார்ப்பதென்றால் பாருங்கள், நான் 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டு, தாய்ப்பத்திரத்தில் இருந்து ஒவ்வொரு ஏடாகப் படித்துத் தருகிறேன். அந்தப் பகுதியிலேயே பார்ப்பதாக இருந்தால் 2015 டிசம்பர் மழையில் தெருவில் தண்ணீர் எதுவரைக்கும் நின்றது என்று விற்கிறவரிடம் கேட்காதே, எதிர் வீட்டில் கேள். பிடித்துவிட்டது என்றால் ஒப்பந்தத்தை எந்த மாதமாக இருந்தாலும் மறுநாளே எழுதிப் பதிந்துவிடலாம், நானே வந்து எழுதுகிறேன். முகூர்த்தம் கிரயத்துக்கு மட்டும் போதும். சுபமுகூர்த்த நாளில் கூட்டம் தாங்காது என்று சார்பதிவாளர் ஆபீஸில் டோக்கனை 100-ல் இருந்து 150 ஆக்குகிற அளவுக்கு ஜனம் நாள் பார்க்கிறது, நானும் அவர்களில் ஒருத்தன்தான், அந்த நம்பிக்கையை விட என்னால் முடியாது. ஆனால் உன் காரியத்துக்கு அது இனிமேல் குறுக்கே வராது.

குட்டி ஒரு விஷயம் சொன்னாள். அந்த வீட்டு முன் அறை மாடத்தில் தன்னுடைய பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்றை வைத்துவிட்டு வந்தாளாம், நாம் வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று. "தாத்தா, அது இப்ப யாரு வளையல்?" என்று கேட்டாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, உன்னுடையதுதான் என்று சொன்னேன்.

சனிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறேன், ஞாயிறு காலை தாம்பரத்தில் இறங்குவோம். மாப்பிள்ளையை மட்டும் ஸ்டேஷனுக்கு வரச் சொல், வழியில் அவரிடம் கொஞ்சம் பேச வேண்டும். அந்தப் பெரியவர் வீட்டுக்கு நானும் குட்டியும் போய் வளையலை வாங்கி வருகிறோம். சண்டை போட மாட்டேன், நீ பயப்படாதே. நீ வர வேண்டாம் அம்மா. வர வேண்டும் போல இருந்தால் வா.

அம்மா மனோகரம் செய்து டப்பாவில் போட்டிருக்கிறாள். சாப்பிடாமல் இருக்காதே.

அன்புடன்,
அப்பா