ஐந்தாம் நாள் கழன்ற அச்சாணி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முட்டிவலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. உடனே பதில் எழுத முடியாமல் போனதற்குக் காரணம் என் பழைய புல்வெட்டி வண்டி. உட்கார்ந்து ஓட்டுவோமே, அதுதான். முன் அச்சைத் தாங்கும் பின், அதாவது அச்சாணி, துருப்பிடித்து இறுகிவிட்டது. அதைக் கழற்ற ஐந்து நாள் பிடித்தது. உன் வண்டியிலும் இதே கோளாறு, பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். போடாதே. முதலில் இதைப் படி.

முன் அச்சுக்கு நடுவில் இருப்பது ஒரே ஒரு தடித்த பின். தராசுக் கோல் மாதிரி அச்சு அதன் மேல் இரண்டு பக்கமும் சாயவேண்டும். அப்போதுதான் மேடு பள்ளத்தில் முன் சக்கரம் இரண்டும் தரையைத் தொடும். என் வண்டியில் ஒரு சக்கரம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது, புல்லும் ஒரு பக்கம் உயரமாக வெட்டுப்பட்டது. வண்டியைத் தூக்கி நிறுத்தி அச்சைப் பிடித்து ஆட்டினால், அச்சோடு ஒட்டிக்கொண்டு பின்னும் சேர்ந்து திரும்புகிறது. அந்தப் பின், வண்டிச் சட்டத்தின் தகட்டுக்குள் உரசி உரசி, வட்டமாக இருந்த துளை முட்டை வடிவமாகியிருந்தது.

முதல் நாள் பெட்ரோலை வடித்து, பேட்டரி வயரையும் பிளக் வயரையும் கழற்றி, பின்பக்கச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே, அது நழுவினால் உயிருக்கே ஆபத்து. அப்புறம் நட்டு கழலாமல் குறுக்கே செருகியிருந்த காட்டர் பின், நட்டு, வாஷர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுத்தியலால் அடித்தேன். பின் ஒரு இம்மி நகரவில்லை. அதன் முனைதான் காளான் குடை மாதிரி விரிந்தது. விரிந்த முனை துளைக்குள் நுழையாது, அடிக்க அடிக்க வேலை கெடும். மறுநாள் பாதி நேரம் அரத்தால் அதைத் தேய்த்துச் சரிசெய்வதிலேயே போய்விட்டது.

அப்போதுதான் உன் நினைவு வந்தது. நம் பழைய சைக்கிளில் பெடல் தண்டை இறுக்கிப் பிடிக்கும், ஆப்பு மாதிரியான காட்டர் பின்னை நீ எடுத்த விதம் ஞாபகம் இருக்கிறதா? நட்டை முழுக்கக் கழற்றாமல் முனைக்குச் சமமாக விட்டாய், மரை நசுங்கக் கூடாது என்று. தண்டுக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்தாய். ஒரே அடி, வந்துவிட்டது. இங்கே நான் அடித்த அடியெல்லாம் எங்கே போனது என்று அந்தக் குழாயை நினைத்ததும் புரிந்தது. சட்டம் மெல்லிய தகடு. அது பறை மாதிரி அதிர்ந்து அடியைத் தானே வாங்கிக்கொண்டது, பின்னுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. சட்டத்துக்கும் அச்சுக்கும் இடையில் இரும்புத் துண்டுகளைச் செருகி, எதிர்ப்பக்கம் பின்னைச் சுற்றிக் குழாயை முட்டுக் கொடுத்தேன்.

துருவை இளக்க விடும் எண்ணெய்க்கு அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சரிபாதி. இரண்டும் கலந்து நிற்காது, ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் விடவேண்டும். காலையும் மாலையும் விட்டு இரண்டு நாள் ஊறவைத்தேன். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் நன்றாகத் துடைத்துக் காயவிட்டுத்தான் சூடு காட்ட வேண்டும். பிரேக் கிளீனரை மட்டும் இந்த வேலைக்கு எடுக்காதே. குளோரின் கலந்த வகை சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும்.

நான்காம் நாள் கேஸ் டார்ச். சூடு பின்னுக்கு இல்லை, அதைச் சுற்றியுள்ள அச்சின் குழலுக்குத்தான். 20 மில்லிமீட்டர் துளையை 250 டிகிரி சூடேற்றினால் ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டர் விரியும். ஒரு தலைமுடி தடிமன்தான், ஆனாலும் துருவின் பிடி தளர அது போதும். சூடு கொஞ்சம் தணிந்ததும் மெழுகுவர்த்தியை விளிம்பில் தொட்டேன். மெழுகு உருகி, தானாகவே இடுக்குக்குள் இழுபட்டுப் போனது. கண்கொள்ளாக் காட்சி!

ஆனால் பின்னை அசைத்தது அடியோ சூடோ இல்லை, திருகல். பின்னின் தலையைப் பைப் ரெஞ்சால் கவ்வி, அதன் கைப்பிடியைச் சட்டத்தில் முட்டவைத்துவிட்டு, சக்கரத்தைப் பிடித்து அச்சை மேலும் கீழும் ஆட்டினேன். அச்சே நீளமான நெம்புகோல், அதைவிடப் பெரிய நெம்புகோல் எங்கே கிடைக்கும்! பத்துப் பதினைந்து ஆட்டில் கிறீச் என்று ஒரு சத்தம், குங்குமம் மாதிரி துருப்பொடி கொட்டியது. அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு மறுபடி எண்ணெய் விட்டேன். மறுநாள் சி கிளாம்பால் நட்டுப் பக்கத்து முனையை அழுத்தி இறுக்கிக்கொண்டே சுத்தியலால் இரண்டு தட்டு. பின் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

கையில் எடுத்துப் பார்த்தேன். சட்டத்துக்குள் சுழன்ற இரண்டு ஓரமும் பளபளவென்று இருந்தன. நடுப்பகுதி மட்டும் அம்மைத் தழும்பு விழுந்த மாதிரி கறுப்பாக, குழிகுழியாக. கிரீஸ் ஏற்றும் சின்ன வாயான நிப்பிளைக் கழற்றினால் உள்ளே பழைய கிரீஸ் கல்லாகி அடைத்திருந்தது. இத்தனை வருஷமாக நான் அடித்த கிரீஸ் ஒரு துளிகூட உள்ளே போகவில்லை என்பதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. நிப்பிளை மாற்றினேன், முட்டைத் துளைகளுக்குத் தடித்த வாஷர் வைத்து வெல்டிங் செய்தேன், உப்புத்தாளைக் குச்சியில் சுற்றிக் குழலைத் தேய்த்துப் புதுப் பின் போட்டேன். இப்போது இரண்டு பக்கமும் கிரீஸ் பிதுங்கி வரும்வரை அடிக்கிறேன்.

உன் வண்டியில் ஒன்றைக் கவனி. சில மாடல்களில் பின்னுக்குக் குறுக்கே சின்ன ஆணியோ பூட்டு வளையமோ இருக்கும், அழுக்குக்குள் மறைந்திருக்கும். அதை எடுக்காமல் எவ்வளவு அடித்தாலும் வராது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார். அச்சை ஆட்டும்போது பின் கூடவே திரும்புகிறதா, இல்லை அச்சே அசையவில்லையா என்று எழுது. எண்ணெயை இன்றைக்கே விட்டுவை. முட்டியை மடக்கிக் கீழே உட்காராதே, அடியில் செய்ய வேண்டிய வேலைக்கு நான் வருகிறேன். ரெஞ்சும் கிளாம்பும் என்னிடம் இருக்கின்றன.

அன்புடன்,
உன் பழைய நண்பன்