காலாவதி நாளில் எத்தனை உயிரோடு இருக்கும்?

புரோபயாடிக் உணவு தயாரிக்கும் நிறுவனத்தாருக்கும், அவற்றின் லேபிளுக்கு அனுமதி தரும் உணவுத் தர அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். ஆன்டிபயாடிக் சாப்பிட்டு வயிறு கெட்டுப்போன அம்மாவுக்காக குடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள பாக்டீரியா கலந்த ஒரு புரோபயாடிக் பவுடர் வாங்கினேன். கிராமுக்கு 100 கோடி பாக்டீரியா என்று டப்பாவில் போட்டிருந்தது. மூன்று வாரம் வேளை தவறாமல் குடித்தார், குணம் தெரியவில்லை. மனம் கேட்காமல் அந்தப் பவுடரை ஆய்வகத்துக்கு எடுத்துப்போனேன். பாக்டீரியாவை மூடியிருக்கும் காப்பு உறை கரையாததால்தான் எண்ணிக்கை குறைந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று அத்தகைய உறையைக் கரைக்கும் சோடியம் சிட்ரேட்டில் கரைத்து, பத்தாயிரம் மடங்கு நீர்த்து, பாக்டீரியா வளரும் ஊட்டக்கூழ்த் தட்டில் இட்டு, காற்றில்லாச் சூழலில் 37 டிகிரியில் 72 மணி நேரம் வைத்தேன். உயிரோடு இருப்பது பெருகி ஒரு புள்ளியாகத் தெரியும். எண்ணி மாளாத அளவுக்குப் புள்ளிகள் நிறைந்திருக்க வேண்டிய தட்டில் ஏழே ஏழு இருந்தன. மறுபடியும் செய்து பார்த்தேன், ஒன்பது. இதைத்தான் அம்மா மருந்தென்று நம்பி விழுங்கிக்கொண்டிருந்தார்.

"தயாரித்த அன்று எண்ணிக்கை சரியாக இருந்தது" என்று நிறுவனம் பதில் எழுதியது. தயாரித்த அன்று யாரும் அதைச் சாப்பிடுவதில்லை, ஐயா. காலாவதி நாளில் எத்தனை உயிரோடு இருக்கும் என்பதுதான் என் கேள்வி.

அவற்றை உயிரோடு காக்க வழி இல்லாமல் இல்லை. கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்ற கூழ்ப்பொருளின் கரைசலில் பாக்டீரியாவைக் கலந்து கால்சியம் குளோரைடில் சொட்டுச் சொட்டாக விட்டால், ஒவ்வொரு சொட்டும் உள்ளே உயிரை வைத்துக்கொண்டு மணியாக இறுகும். ஆல்ஜினேட் மட்டும் என்றால் நுண்துளை வழியே அமிலம் புகுந்துவிடும். அதன்மேல் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் பூச்சு கொடுத்தால் வயிற்றின் அமிலத்தையும் பித்த உப்பையும் இன்னும் நன்றாகத் தாங்கும். மணி பெரிதானால் நாக்கில் மணலாய் நெருடும், சிறிதானால் காப்பு குறையும். அந்த அளவைக் கண்டுபிடிப்பது உங்கள் தொழில்நுட்பர்களின் வேலை. ஸ்பிரே டிரையரில் வெப்பக்காற்று அடித்து உலர்த்துவது மலிவு என்பதும், அந்தச் சூட்டில் பெரும்பகுதி செத்துப்போகலாம் என்பதும் அவர்களுக்குத் தெரியாததல்ல.

இத்தனைக்கும் அந்த டப்பாவில் "சூடான பானத்தில் கலந்து அருந்தவும்" என்று எழுதியிருக்கிறது! தப்பிப் பிழைத்ததையும் எங்கள் கையாலேயே கொல்லச் சொல்கிறீர்கள்.

அதிகாரிகளே, போதிய அளவில் உட்கொள்ளும்போது உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரிகளே புரோபயாடிக் என்று உணவு வேளாண்மை அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் 2001-லேயே வரையறுத்தன. காலாவதி நாள்வரை எஞ்சும் உயிர் எண்ணிக்கையை லேபிளில் சொல்ல வேண்டும் என்று 2002-ல் அவர்களே பரிந்துரைத்தார்கள். இன்னும் எத்தனை வருடம் வேண்டும்? பழத்தின் படத்துக்கும் சிரிக்கும் குழந்தையின் படத்துக்கும் டப்பாவில் இடம் இருக்கிறது, இந்த ஓர் எண்ணுக்கு இல்லையா?

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். காலாவதி நாளின் உயிர் எண்ணிக்கை, பாக்டீரியா வகையின் முழுப்பெயர், எந்த உறையில் அதைப் பாதுகாத்திருக்கிறீர்கள் என்ற விவரம் ஆகியவற்றை லேபிளில் அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் டப்பாவில் பாதிப் பவுடர் மீதி இருக்கிறது, காலாவதிக்கு இன்னும் நான்கு மாதம். நீங்கள் கேட்டால் மாதிரியையும் என் குறிப்பேட்டின் நகலையும் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மகள்